மூச்சை அளக்க முதலாளியின் கடிதம் எதற்கு?

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

"மில் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெற்று வரவும், அல்லது தலைப்பை மாற்றவும்." மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த என் ஆய்வு முன்மொழிவின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது இவ்வளவுதான். கையெழுத்து இல்லை, தேதி இல்லை, காரணமும் இல்லை. ஏழு மாதமாக நேரில் கேட்டுப் பார்த்துவிட்டேன். இனி எல்லோரும் படிக்கும்படி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நான் உங்களிடம் கேட்ட அனுமதி பெரியதல்ல. பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் நூற்பாலைகளில் வேலை செய்த, இன்றும் செய்கிற பெண்களை அவர்கள் வீட்டில் சந்திக்க வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை வருஷம் வேலை என்று கேட்டு எழுத வேண்டும். ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லி மூச்சுத் திறனை அளக்க வேண்டும். ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது, மருந்தும் கிடையாது. மில் வாசலுக்குள் நான் கால் வைக்கப் போவதே இல்லை.

ஏன் இந்தத் தலைப்பை விடமாட்டேன் என்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் பத்தொன்பது வருஷம் வேலை செய்தவர். முதலில் பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்கிற கார்டிங், பிறகு நூல் நூற்கிற ஸ்பின்னிங்கில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற சைடர். காலை ஷிப்ட் என்றால் அஞ்சேகாலுக்கு மில் வேன் எங்கள் ஊர் வேப்பமரத்தடிக்கு வந்து ஹாரன் அடிக்கும். அவர் திரும்பி வரும்போது தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். நானும் தம்பியும் அதை எடுத்து ஊதிப் பறக்கவிட்டு விளையாடுவோம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. திங்கட்கிழமை மட்டும் வேனை விட்டு இறங்கி வந்ததும் திண்ணையில் முன்பக்கமாகக் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்துகொள்வார். அன்றைக்குச் சமையல் அப்பாதான். "திங்கக்கெழமைன்னா நெஞ்சு மேல அம்மிக்கல்லத் தூக்கி வெச்ச மாதர இருக்குது கண்ணு, நாளைக்குச் செரியாப் போயிரும்" என்பார். செவ்வாய்க்கிழமை சரியாகவும் போகும். அதை நோய் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. திங்கட்கிழமை என்றால் அம்மாவுக்கு அப்படித்தான் என்று பழகிவிட்டோம்.

நாற்பத்து நான்கு வயதில் அவர் வேலையை விட்டபோது திங்களுக்கும் செவ்வாய்க்கும் இருந்த வித்தியாசம் போயிருந்தது. தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்குவார். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். சளியைப் பரிசோதித்தார்கள், டி.பி. இல்லை என்றார்கள். ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் விறகடுப்புப் புகை என்றார். மூன்றாமவர், வீட்டுக்காரர் பீடி பிடிப்பாரா என்று கேட்டார். அப்பா பிடிப்பதில்லை. என்ன வேலை செய்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அப்போது நான் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லா இடத்துக்கும் நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. இது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

படிப்பு முடிந்து ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருஷம் ஒப்பந்த நர்சாக இருந்தேன். ஓ.பி. சீட்டில் பெயர், வயது, ஊர், பி.பி., சுகர் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. வேலைக்கு இடம் இல்லை. இளைப்பு என்று வருகிற பெண்களிடம் நானாகவே கேட்டு, ஒரு நோட்டில் ஓரமாகக் குறித்துவைக்க ஆரம்பித்தேன். மில், தறி, சாயப்பட்டறை, கோழிப்பண்ணை. கொஞ்ச நாளில் எனக்கே ஒன்று புரிந்தது. இந்த ஊரில் என்ன நோய் வருகிறது என்பதில் பாதியை அந்த ஓரக் குறிப்புதான் சொல்கிறது. அந்தப் பாதி எந்தப் பதிவேட்டுக்கும் போய்ச் சேருவதில்லை. அதற்காகத்தான் பொதுச் சுகாதாரம் படிக்க வந்தேன். முதல் வருஷக் கட்டணம் அம்மாவின் பி.எஃப். பணம்.

முதல் பருவத்திலேயே உங்களில் ஒருவர்தான் எங்களுக்குத் தொழில்சார் நோய்கள் பாடம் எடுத்தார். இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இலேயே, நோயாளியிடம் கேட்கிற கேள்விகளோடு 'என்ன வேலை செய்கிறீர்கள்' என்பதையும் சேர்க்கச் சொன்னார் என்று அந்த வகுப்பில்தான் கேட்டேன். பிசினோசிஸ் என்ற வார்த்தையையும் அங்கேதான் கேட்டேன். பருத்தித் தூசியால் வரும் நுரையீரல் நோய். வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுகும் என்று அவர் சொன்னதும் எனக்குக் கை ஓடவில்லை. பத்தொன்பது வருஷத்துத் திங்கட்கிழமைகளும் ஒரு பாடப் பக்கத்தில் இருந்தன.

1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ஷில்லிங் என்ற மருத்துவர் தொழிலாளர்களிடம் இந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான் கேட்டார். முதல் நாள் மட்டும் இறுக்கமா, மற்ற நாட்களிலும் உண்டா என்பதை வைத்து நோயைப் படிப்படியாகப் பிரித்தார். பஞ்சோடு வரும் இலைத் துணுக்கு, காய்த்தோல், அவற்றில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவின் நச்சு எல்லாம் சேர்ந்து மூச்சுக்குழாயைச் சுருக்குகின்றன. ஆரம்பத்தில் தூசியை விட்டு விலகினால் மீளலாம். பல வருஷம் ஆகிவிட்டால் மீள்வது கடினம். எக்ஸ்ரேயில் இதற்கென்று தனி அடையாளம் எதுவும் தெரியாது. வேலையைக் கேட்டு, ஊதச் சொல்லி அளந்தால்தான் பிடிபடும்.

சட்டத்துக்கும் இது புதிய நோய் கிடையாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், மருத்துவர் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் பிசினோசிஸ் இடம்பெற்றிருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இருந்தது. அமெரிக்கா 1978லேயே நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் பருத்தித் தூசிக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. கொங்கு நாட்டில் 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்த கையோடு மில்கள் பெருகின. தமிழ்நாட்டில் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டம் 1955இல் முதலில் தொடங்கியதும் கோவையில்தான். இவ்வளவு பழைய தொழில், இவ்வளவு பழைய நோய். இந்த ஊர்ப் பெண் ஒருத்தி தன் ஊர்ப் பெண்களின் மூச்சை அளக்க வந்தால் மட்டும் தலைப்பு வில்லங்கமாகிவிடுகிறதா?

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் முறை நீங்கள் சொன்ன திருத்தங்கள் நியாயமானவை. ஒப்புதல் படிவம் புத்தகத் தமிழில் இருக்கிறது, ஏழாவது படித்தவருக்குப் புரியாது என்றீர்கள். உண்மைதான். அம்மாவையும் பக்கத்து வீட்டு அக்காவையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவர்கள் தடுக்கி நின்ற ஒவ்வொரு வார்த்தையையும் மாற்றினேன். மூச்சுத் திறன் குறைவாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டீர்கள். நெஞ்சக நோய் மருத்துவரிடம் அனுப்பப் பரிந்துரைச் சீட்டு சேர்த்தேன். அந்தத் திருத்தங்களால் என் ஆய்வு மேம்பட்டது. இதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது முறைதான் மில் நிர்வாகத்தின் கடிதம் வேண்டும் என்றீர்கள். சரி, முயன்று பார்ப்போம் என்று ஆறு மில்களுக்குப் போனேன். மூன்றில் கேட்டைத் தாண்டவில்லை. செக்யூரிட்டி நோட்டில் என் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நாலாவது இடத்தில் ஹெச்.ஆர். அதிகாரி உட்கார வைத்துப் பேசினார். "பி.பி., சுகர் கேம்ப் போடுங்கம்மா, டீ, பிஸ்கட் செலவு எங்களோடது. இந்த மூச்சுப் பரிசோதனை எல்லாம் வேண்டாம்" என்றார். ஐந்தாவது மில்லின் முதலாளி வயதானவர், நின்று பேசினார். "பழைய ஆளுங்க நாப்பது தாண்டுனா நிக்கிறதில்லீங்க, ஏன்னு எனக்கும் தெரிஞ்சா நல்லதுதான். ஆனா லெட்டரு குடுத்தா நாளைக்கு நாலு பேரு என்னையக் கேப்பாங்க அம்மிணி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆறாவது மில் ஒத்துக்கொண்டது. யாரிடம் பேச வேண்டும் என்ற பட்டியலை அவர்களே தருவார்கள். பேசும்போது சூப்பர்வைசர் பக்கத்தில் இருப்பார். அறிக்கையைத் துறைக்குக் கொடுக்கும் முன் அவர்களிடம் காட்ட வேண்டும். இதை உங்களிடம் சொன்னபோது, "அதுவாவது கிடைத்ததே, ஏற்றுக்கொள்ளேன்" என்று உங்களில் ஒருவர் சொன்னார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார், படிப்பு நேரத்தில் முடிய வேண்டுமே என்ற அக்கறை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சூப்பர்வைசர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, எந்த அக்கா நெஞ்சடைக்கிறது என்று வாய் திறப்பார்? அப்படி வரும் முடிவு 'யாருக்கும் ஒன்றுமில்லை' என்றுதான் இருக்கும். அதன் கீழே என் கையெழுத்து இருக்கும். நாளைக்கு ஒருவர் இழப்பீடு கேட்டுப் போனால் அவருக்கு எதிராக அதையே எடுத்து நீட்டுவார்கள்.

மூன்றாவது முறை தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டீர்கள். 'மில் பெண்களிடையே ரத்தசோகை விழிப்புணர்வு' என்று ஒரு தலைப்பையும் வாய்மொழியாகத் தந்தீர்கள். ரத்தசோகை சின்ன விஷயம் அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ஆனால் விழிப்புணர்வு என்று தலைப்பு வைத்த உடனே கேள்வி அந்தப் பெண்ணின் மேல் திரும்பிவிடுகிறது. கீரை சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று அவளைக் கேட்டுவிட்டு வந்துவிடலாம். எட்டு மணி நேரம் நின்று, அரை மணி நேரத்தில் கேன்டீன் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூக்கம் வராமல் புரள்கிறவளுக்கு முருங்கைக்கீரையின் அருமையை நான் போய்ச் சொல்ல வேண்டுமா? அது அவளுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நலச் சமத்துவம் என்று நீங்கள் எங்களுக்கு நடத்திய பாடமே இதுதானே. நோய் ஏன் சிலருக்கே அதிகம் வருகிறது என்று கேட்க வேண்டும், அவர்கள் வாழ்கிற, வேலை செய்கிற நிலைமையைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். அதை நம்பித்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

நீங்கள் சொல்கிற ஒரு காரணத்தை நான் மதிக்கிறேன். இந்தப் பெண்கள் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள், என்னிடம் பேசியதால் அவர்கள் வேலைக்கு ஆபத்து வரலாம் என்கிறீர்கள். என் தம்பியே மில்லில் ஃபிட்டர். அந்தப் பயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஊரில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "ஏங் கண்ணு, நீ எழுதீட்டுப் போயிருவ. நாளைக்கு வேன்ல ஏத்தலீன்னா நான் எங்க போறது?" அவர் கேட்டதற்குப் பதில் சொல்லும்படிதான் ஆய்வையே அமைத்தேன். வீட்டில்தான் சந்திப்பு. பெயருக்குப் பதில் எண். எந்த மில் என்பதைக் குறிக்கவே மாட்டேன், பிரிவும் வருஷமும் மட்டும் போதும். அளவு எடுத்ததும் ஒரு நகல் அவர் கையில் தருவேன். இந்தப் பாதுகாப்பு எல்லாம் நிர்வாகத்திடம் போய் நின்ற நிமிஷத்திலேயே போய்விடுகிறது. யார் யாரைப் பார்க்கப் போகிறேன் என்று அவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளைத்தான் நாம் எல்லோரும் பின்பற்றுகிறோம். பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் ஆய்வில் இடம்பெற சம உரிமை உண்டு, அப்போதுதான் ஆய்வின் பலன் அவர்களுக்கும் போய்ச் சேரும் என்று அது சொல்கிறது. ஒரு குழுவின் தலைவரிடம் அனுமதி வாங்க வேண்டிய இடங்களில்கூட, தனிமனிதரின் ஒப்புதலுக்கு அது மாற்றாகாது என்கிறது. வேலை கொடுப்பவர் ஒரு பெண்ணுக்குக் காப்பாளர் என்று அதில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். 1995இல் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், தொழிலாளியின் உடல்நலமும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும், வேலையில் இருக்கும்போதும் ஓய்வுபெற்ற பிறகும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. என் அம்மா மில்லை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது. இன்று அவர் மூச்சை அளக்கவும் அந்த மில்லின் கடிதம் வேண்டுமா? உங்கள் பென்சில் குறிப்பின்படி வேண்டும் என்றுதான் ஆகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது எங்கள் பக்க மில்களில் உள்ளூர் ஆட்கள் குறைந்து வருகிறார்கள். ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்த பெண்கள் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கூட்டமாக வருவார்கள், பின்னாலேயே வார்டனும் வருவார். அவர்களை என் ஆய்வில் எப்படிச் சேர்ப்பது என்பதற்கு இன்னும் முழு விடை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த விடையை உங்களோடு உட்கார்ந்து தேட விரும்பினேன். ஏழு மாதமும் ஒரு கடிதத்தைத் தேடியே போய்விட்டது.

ஊர்க்காரியாக நான் காதில் கேட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எதையும் ஆய்வுத் தரவு என்று சொல்லவில்லை. அனுமதி கிடைக்கும்வரை ஒருவரையும் ஊதச் சொல்லவில்லை, அம்மாவைக்கூட. வாங்கி வைத்த கருவி பெட்டியோடு பீரோவில் இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பவை இவை. என் முன்மொழிவின் மீதான முடிவைத் தேதியிட்டு, கையெழுத்திட்டு, காரணத்தோடு எழுத்தில் தாருங்கள். மறுப்பதானாலும் அப்படியே தாருங்கள், மேலே முறையிட எனக்கு அது வேண்டும். வீட்டில் நடக்கும் ஆய்வுக்கு மில் நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் தேவை என்ற நிபந்தனையை நீக்குங்கள். இது எனக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக இருக்கக் கூடாது. எனக்குப் பின்னால் தறியைப் பற்றியும் சாயப்பட்டறையைப் பற்றியும் கேட்க வரும் மாணவர்களுக்கும் சேர்த்து விதியாக எழுதுங்கள். அறிக்கையை முன்கூட்டி நிர்வாகத்திடம் காட்டச் சொல்லும் எந்த ஏற்பாட்டையும் இந்தக் குழு ஏற்காது என்றும் பதிவு செய்யுங்கள். முடிவுகளின் சுருக்கத்தை முதலில் கலந்துகொண்ட பெண்களுக்குத் தருவேன், பிறகு கேட்கிற எந்த மில்லுக்கும் தருவேன்.

பாதுகாப்பு போதாது என்று நினைத்தால் என்ன சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள், சேர்க்கிறேன். ஒப்புதல் படிவத்தை ஒடியாவிலும் இந்தியிலும் மொழிபெயர்க்கத் துறையிலிருந்து உதவி ஏற்பாடு செய்யுங்கள். நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பில் ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த இடத்துக்கு அடுத்த முறை ஆள் தேடும்போது மில்லிலோ தறியிலோ வேலை செய்த ஒருவரை அழையுங்கள். வரத் தயாராக இருப்பவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

பதில் மார்கழி பிறப்பதற்குள் எனக்கு வேண்டும். பொங்கலுக்கு எங்கள் பக்க மில்கள் பலவும் சில நாள் விடுமுறை விடும். அத்தனை நாள் தூசியில்லாமல் இருந்துவிட்டு மறுபடி வேனில் ஏறுகிறார்களே, அந்த முதல் நாள் காலையிலும் சாயங்காலமும்தான் நான் அளக்க வேண்டும். அதற்கு அடுத்த பொங்கல் வரும்போது நான் இங்கே மாணவியாக இருக்கமாட்டேன்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரம் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி,
பல்லடம் வட்டம்